யாரும் கேக்காத புத்தகம்

லைப்ரரிக்குப் புதுப் புத்தகம் வாங்குறதுன்னா அந்த ஸ்கூல்ல பிள்ளைங்கதான் தேர்ந்தெடுக்கணும். மிஸ் ஒவ்வொண்ணாத் தூக்கிக் காட்டுவாங்க. ஒரே ஒரு கை வந்தாக்கூட வாங்கிருவாங்க. ஆனா கை தூக்குனவங்க எழுந்து நின்னு, எதுக்கு வேணும்னு எல்லார் முன்னாடியும் சொல்லணும். பேய்க்கதைன்னதும் பெஞ்சு மேலயே ஏறிட்டாங்க. அடுத்து வந்தது வலிப்பு நோயப் பத்தின ஒரு ஒல்லிப் புத்தகம். "சாவிக்கொத்தும் சேத்துத் தருவாங்களா மிஸ்?"னு ரூபவதி கேக்க, கிளாஸே சிரிச்சுது. ஜெசிந்தாவும் சிரிச்சா. அவளுக்கு வலிப்பு வர்றது அம்மாவத் தவிர யாருக்கும் தெரியாது. தூக்கத்துல வந்தா செத்துப்போயிருவேனாம்மான்னு கேட்டா, அம்மா அழுவாங்களே தவிர பதில் சொல்ல மாட்டாங்க. அந்தப் புத்தகம் சொல்லும். "யாருக்கும் வேணாமா?"ன்னுட்டு மிஸ் அதத் திரும்பப் பெட்டிக்குள்ள போட்டப்பதான் அவ கை மேல போச்சு. மொத்தக் கிளாஸும் திரும்பிப் பாத்துச்சு. "என்ன ஜெசி, பாத்ரூமா?"ன்னாங்க மிஸ். அவ கையக் கீழ எறக்கிட்டா. "ஆமா மிஸ்." வாசலுக்குப் போற வழி அந்தப் பெட்டியத் தாண்டித்தான். அது இன்னும் திறந்தேதான் கெடந்துச்சு. பக்கத்துல வர வர அவ நடை மெதுவாச்சு.