கடை பார்க்க வந்தவர்

“இந்த மிஷின் ஏன் இப்படி ஆடுது? என்னைப் பார்த்துப் பயமா?”

சலவைக் கடையை விலைக்குப் பார்க்க வந்த பெண்மணி அப்படிக் கேட்டதும், தேய்த்துக்கொண்டிருந்த இஸ்திரி அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“ஒரு கால் தேஞ்சு போச்சு மேடம். அட்டையை மடிச்சு முட்டுக் குடுத்திருக்கோம். ஆனா துவைக்கிறதுல குறை சொல்ல முடியாது.”

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். விற்கிற கடையின் ஓட்டையை யாராவது வலியப் போய்க் காட்டுவார்களா?

முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு முதலாளி வீட்டோடு இருக்கிறார். இனி நாளெல்லாம் நின்று கடை நடத்த அவரால் ஆகாது. “கடை பார்க்க ஒருத்தங்க வருவாங்க, சுத்திக் காட்டும்மா” என்று நேற்று போனில் சொல்லியிருந்தார். கடை நல்ல விலைக்குப் போனால் அவருக்கு நிம்மதி. வாங்குகிறவர் தன்னை வைத்துக்கொள்வாரா, வேறு ஆளைப் போடுவாரா என்பது இவள் கவலை. அதை எப்படிக் கேட்பதென்று தெரியாமல், தேய்த்து முடித்த சட்டையையே மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு வாடிக்கை வக்கீல் உள்ளே வந்தார்.

“என்னம்மா, என் காலர் நிக்குதா?”

“நிக்குது சார். நீங்க உட்கார்ந்தாலும் அது நிக்கும்.”

சட்டையை வாங்கிக்கொண்ட வக்கீல், வந்திருந்தவரை ஏற இறங்கப் பார்த்தார். “புது முதலாளியா? தாராளமா வாங்குங்க. ஆனா இவங்களையும் சேர்த்து வாங்குங்க. இல்லேன்னா நான் கசங்கின சட்டையோடதான் கோர்ட்டுக்குப் போகணும். கட்சிக்காரன் ஓடிடுவான்.”

அவர் போனதும் பெண்மணி சிரித்தார். “சிபாரிசெல்லாம் பலமா இருக்கே!”

“அது முதலாளி சம்பாதிச்ச பேரு மேடம்.” இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். “வேலைக்கு வந்த புதுசுல ஒருத்தரோட கல்யாணக் கோட்டைக் கருக்கிட்டேன். முதுகுல பெட்டி அச்சு அப்படியே விழுந்துடுச்சு. அந்த ஆள் வந்து தாம்தூம்னு குதிக்கிறார். முதலாளி உள்ளேருந்து வந்து, ‘நான்தாங்க கருக்கினேன், திட்டறதை என்னைத் திட்டுங்க’ன்னு முன்னால நின்னார். பெட்டியை எந்தப் பக்கம் பிடிக்கணும்னுகூட அவருக்குத் தெரியாது! அன்னைக்கு என்னை அனுப்பியிருந்தா, கைக்குழந்தையோட எந்த வாசல்ல போய் நின்னிருப்பேனோ.”

பெண்மணி லாபம் எவ்வளவு, வாடகை எவ்வளவு என்று எதுவும் கேட்கவில்லை. கொடியில் தொங்கிய விரிப்புகளை விலக்கிக்கொண்டு பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

“இந்தக் கடை உங்க கையில இருந்தா என்ன பண்ணுவீங்க?”

“எனக்கெதுக்கு மேடம் அந்தப் பேச்செல்லாம்?”

“சும்மா சொல்லுங்க. காசா, பணமா?”

அவள் யோசித்தாள். “முதல்ல அந்த ஜன்னலைத் திறப்பேன். நீராவியில வெந்து சாகறோம். மேசையைத் தெருப் பக்கமா திருப்பிப் போடுவேன். தேய்க்கிறது கண்ணுல பட்டாத்தானே, வீட்டுல கசங்கிக் கிடக்கிறது ஞாபகம் வரும்? எதிர்த்தாப்புல ஒரு தங்கும் விடுதி இருக்கு, அவங்க விரிப்பையெல்லாம் வண்டி வெச்சு எங்கேயோ அனுப்பறாங்க. நேரா போய்க் கேட்பேன். பட்டன் அறுந்து வர்ற சட்டைக்கு, அவங்க கேட்காமலே தைச்சுக் குடுப்பேன். வெளியே ஒரு பெஞ்சு போட்டு…”

சட்டென்று நிறுத்தினாள். பேச்சு வேகத்தில் கல்லாவுக்குப் பின்னால் முதலாளி நிற்கும் இடத்துக்கே வந்துவிட்டது அப்போதுதான் உறைத்தது. அவசரமாக விலகி நின்றாள்.

“இதையெல்லாம் முதலாளிகிட்ட சொன்னதுண்டா?”

“ஐயோ! ‘கடையை என்ன பண்ணலாம்’னு அவரே கேட்டார். ‘உங்க இஷ்டம்’னுட்டேன். இத்தனை வருஷம் சோறு போட்ட மனுஷன்கிட்ட, கடையையும் குடுங்கன்னு கேட்க வாய் வருமா? மாசாமாசம் கட்டறேன்னு சொல்லலாம். ஆனா அவருக்கு மொத்தமா தேவைப்பட்டா? என்னால அவர் ஒரு கஷ்டம் படக்கூடாது.” கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். “நீங்களே வாங்கிக்கங்க மேடம். விலையை மட்டும் குறைக்காதீங்க. என்னை வெச்சுக்கிட்டா சந்தோஷம். வேணாம்னாலும், வர்ற புது ஆளுக்கு எல்லாத்தையும் பழக்கிவிட்டுட்டுத்தான் போவேன்.”

பெண்மணி கைப்பேசியை எடுத்து எண்ணை அழுத்தினார். “பார்த்துட்டேன் சார். நீங்களே பேசுங்க” என்று சொல்லி அதை அவளிடம் நீட்டினார்.

அவள் தயங்கினாள். “அப்போ பிடிச்சிருக்கா மேடம்? வாங்கிக்கறீங்களா?”

“நான் எங்கேம்மா வாங்கறது! உங்க முதலாளியோட முட்டிக்குத் தினமும் பயிற்சி குடுக்கிறவ நான். ‘கடையை எடுத்துக்கறியான்னு நான் கேட்டா, பிடிக்கலேன்னாலும் நன்றிக்காகத் தலையாட்டிடுவா, நிஜமாவே அவளுக்கு ஆசை இருக்கான்னு பார்த்துட்டு வாங்க’ன்னு அவர்தான் என்னை அனுப்பினார்.”