ஒற்றைத் தும்மல்

தும்மல் மூக்கின் பாதிவழி வரை வந்து உட்கார்ந்துவிட்டது.

இரண்டு கையும் அவருடையதாக இல்லை. இடது கை ஒரு குட்டிப் பெட்டியை ஏந்தியிருந்தது. வலது கை அதன் மூடியைத் திறந்து பிடித்திருந்தது.

தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு. வாய்க்கும் மூக்குக்கும் முகமூடி, கைக்கு உறை, காலுக்கும் உறை. கண் மட்டும்தான் வெளியே. சொறிய ஒரு மூக்கு இருக்கிறது என்பதே வெளியுலகுக்குத் தெரியாது.

பத்திரிகைக்காரர்களுக்கு நானோ அறிவியலைக் கையால் தொட்டுக் கற்றுத்தரும் பயிற்சி. அறிவியல் நிருபருக்கு அம்மை போட்டுவிட்டதால், ஆயுள் முழுக்கக் கொலையும் கொள்ளையும் எழுதிய இவரைப் பிடித்து அனுப்பிவிட்டார்கள்.

காலையிலேயே பேராசிரியர் தாமோதரன் கறாராகச் சொல்லியிருந்தார். ஒரு தலைமுடியை நெடுக்குவாக்கில் எண்பதாயிரம் கீற்றாகக் கிழித்தால், ஒரு கீற்றின் அகலம் ஏறக்குறைய ஒரு நானோமீட்டர். தூசில்லா ஆய்வறைக்குள் இருமக்கூடாது, தும்மக்கூடாது. அங்கே ஒரு தூசு விழுவது, ஊருக்குள் மலை விழுவது மாதிரி.

இவருடைய தும்மலோ மலைத்தொடர்.

அலுவலகத்தில் இவர் தும்மினால் கீழ்த்தளத்து அச்சு இயந்திரம் ஒரு நொடி நின்று, மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் மறுபடி ஓடும். ஒருமுறை இவர் தும்மியபோது எதிர்க்கடை மாஸ்டர் வீசிய பரோட்டா இன்னும் கீழே வரவில்லையாம்.

பெட்டிக்குள் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சில்லு. அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத கம்பிகள். ஆராய்ச்சி மாணவி இசக்கியம்மாள் மாதக்கணக்கில் கண்விழித்து வளர்த்தவை. அவற்றைப் படம் எடுக்கும் மைக்ராஸ்கோப்பை நாளை பழுதுபார்க்கக் கழற்றப்போகிறார்கள். இன்று படம் எடுக்காவிட்டால் அவளுடைய ஆய்வேடு இன்னொரு வருஷம் தள்ளிப்போகும்.

இதையெல்லாம் அவளே சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டு, நீங்களும் ஒரு கை பிடிங்க சார் என்று பெட்டியை நீட்டியிருந்தாள்.

இப்போது இடுக்கியோடு குனிகிறாள்.

தும்மல் எழுந்து நின்றது.

வாசலைப் பார்த்தார். இரட்டைக் கதவு. ஒன்று சாத்தினால்தான் மற்றது திறக்கும். நடுவில் நிற்கவைத்துக் காற்று வேறு அடிப்பார்கள்.

நாக்கை மேலண்ணத்தில் அழுத்தினார். குலதெய்வத்தை நினைத்தார். செய்தி ஆசிரியரை நினைத்தார். எதற்கும் அது மசியவில்லை. கண்ணில் நீர் முட்டியது. பக்கத்தில் நின்ற டிவிக்காரர் அதை அறிவியல் பரவசம் என்று எண்ணி, ஆமோதித்துத் தலையாட்டினார்.

இடுக்கி பெட்டிக்குள் நுழையப்போன நேரம்.

வந்துவிட்டது.

முகமூடி பலூனாகி அடங்கியது. மூடி டப்பென்று சாத்திக்கொண்டது. இடுக்கி அந்தரத்தில் நின்றது.

கூரையிலிருந்து சுத்தக் காற்று மட்டும் தன்பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

சில்லு உள்ளே. தப்பித்ததா, போயிற்றா, திறந்தால்தான் தெரியும்.

இசக்கியம்மாள் திறக்கவில்லை.

பெட்டியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பேராசிரியருக்குக் கேட்டுவிடாதபடி அவர் காதருகே வந்தாள்.

"ஒத்தத் தும்மலா விட்டுட்டியளே சார். ஆகாது. இன்னொண்ணு போட்டுருங்க."

அவள் கண்ணில் விளையாட்டு இல்லை.

போட்டுவிடலாம் என்றுதான் அவரும் நினைத்தார். மூச்சை இழுத்தார். விளக்கை அண்ணாந்து பார்த்தார். மிளகாய் மண்டி ஒன்றை மனத்துக்குள் கட்டியெழுப்பி, மூட்டைக்குள் தலையை விட்டுப் பார்த்தார்.

மூக்கு கோடைக்கால ஆறாகக் கிடந்தது.

வெள்ளை உருவங்கள் அத்தனையும் அவரையே பார்த்தன. மைக்ராஸ்கோப்பில் அவளுக்கு ஒதுக்கிய நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் பெட்டியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துக்கொண்டு நின்றாள். அவசரப்படுத்தவில்லை. அதுதான் அவரை இன்னும் இறுக்கியது.

அப்போது பின்னால், பேராசிரியர் நின்ற பக்கத்திலிருந்து, சின்னதாக ஒரு சத்தம்.

அச்.

மூக்கிலிருந்து வந்ததல்ல. வாயாலேயே செய்தது. பொய்ச்சாட்சிகளைக் கேட்டே தலை நரைத்தவருக்கு அது தெரியாதா?

திரும்பினார். பேராசிரியர் தாமோதரன் சுவரில் ஒட்டியிருந்த விதிமுறைகளை, முதன்முதலாகப் பார்ப்பவரைப்போல் மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

இசக்கியம்மாள் மூடியில் விரலை வைத்தாள்.