பாறைக்கு அடியில் எண்ணெய்

"திறந்து விடுங்க மேடம்!" என்று கடைசி வரிசையிலிருந்து யாரோ கத்தினார்.

பனியன் கம்பெனி முதலாளிகள் சங்கம் கூட்டிய கூட்டம் அது. மேடையில் மெஹ்ஜபின் மைக்கை விட்டு நகரவில்லை.

வளைகுடாவில் சண்டை. கப்பல் வரவில்லை. திருப்பூரில் டீசல் ரேஷன். தூத்துக்குடிக்குப் போக வேண்டிய பனியன் பெட்டிகள் லாரியோடு அப்படியே நிற்கின்றன.

கடலோரத்தில், பாறைக்கு அடியில், நாட்டின் அவசரத்துக்கென்று கச்சா எண்ணெய் சேமித்து வைத்திருக்கிறார்கள். அது அவள் பொறுப்பு. அவள் ஒரு வார்த்தை சொன்னால் டெல்லி திறந்துவிடும்.

இன்ஜினியராகச் சேர்ந்ததிலிருந்து அவளுக்கு அந்தப் பாறைதான் உத்தியோகம். தேர்தல் வந்தபோது திறக்கச் சொன்னார்கள். விலை ஏறியபோது திறக்கச் சொன்னார்கள். மறுத்தபோதெல்லாம் மாற்றல் வந்தது. பெட்டியைக் கட்டிக்கொண்டு போனாள். வேறு ஆள் கிடைக்காமல் அவர்களே திரும்பக் கூப்பிட்டார்கள்.

"ஆஸ்பத்திரி ஜெனரேட்டருக்கே டீசல் இல்லாத நாள் ஒண்ணு வரலாம். அன்னைக்குத் திறக்கச் சொல்லுவேன். இன்னைக்கு முடியாதுங்க."

நாற்காலிகள் தரையில் கிறீச்சிட்டன. ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார்.

சங்கத்துக்காரர்கள் முன்வரிசையில் குனிந்து எதையோ பேசிக்கொண்டார்கள். பிறகு, அதுவரை வாய் திறக்காமல் இருந்த அமானுல்லாவின் தோளைத் தொட்டு எழுப்பிவிட்டார்கள்.

கூட்டம் சட்டென்று அடங்கியது.

"எங்க கம்பெனியை நேத்தே மூடிட்டனுங்க, மேடம்," என்றார் அவர். "மிஷினுக்கெல்லாம் துணி போட்டு மூடியாச்சு. நான் கேக்கறேன். இப்பவும் முடியாதுங்களா?"

அவளுடைய கை மைக் கம்பியை இறுக்கியது. ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்தேதான் சொன்னாள்.

"முடியாதுங்க."

அவர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். அதன் பிறகு யாரும் கேட்கவில்லை.

வெளியே டிரைவர் கார் கதவைத் திறந்து வைத்திருந்தான். அவள் ஏறவில்லை. கேட் ஓரம் ஸ்கூட்டரோடு தனியாக நின்றிருந்த அமானுல்லாவிடம் போனாள்.

"ஊட்டுக்கு வரலாங்களா, அத்தா?"

அவர் மகளை ஒரு கணம் பார்த்தார்.

"வண்டியில பெட்ரோல் இல்ல கண்ணு. நடந்துதான் போகோணும்."

டிரைவரைப் போகச் சொல்லிவிட்டு, அவள் வண்டியைப் பின்னாலிருந்து தள்ள ஆரம்பித்தாள்.