பதினாலாம் நம்பர் சட்டை

புதன்கிழமை காலை கோச் ஹாஸ்கெல் என்னிடம் ஒரு சட்டையை நீட்டினார். முதுகில் பதினான்கு என்று போட்டிருந்தது.

என் எண் ஒன்பது.

"ஞாயித்துக்கிழமை வர்ற டீம்ல பந்து எறியறவன் பதினாலு. இந்த வாரம் நீதான் அவன். நம்ம பசங்க உன்னை வச்சுப் பழகிக்கட்டும்" என்றார்.

எதிரணிக்காரனைப் போல நடித்துக் காட்டுவது இரண்டாம் ஆளின் வேலை. திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணி வரை நான் முதல் ஆள்.

எங்கள் அமெரிக்கக் கால்பந்தில் காலுக்குப் பெரிய வேலை கிடையாது. பந்தைக் கையால் எறிகிறவன்தான் எல்லாம். இரண்டு வருடங்களுக்கு முன், நாட்டின் கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் ஒவ்வொருவராகப் பொறுக்கியெடுத்தபோது, என் பெயரை இரண்டாவதாக வாசித்தார்கள். இதை நானாக யாரிடமும் சொல்வதில்லை. என் காரின் நம்பர் பலகையில் இருக்கிறது.

இப்போது என் இடத்தில் புரூயிட். வயது முப்பத்து மூன்று. அவர் பெயரை யாரும் எத்தனையாவதாகவும் வாசித்ததில்லை. போன வருடம் வரை நீச்சல்குளம் விற்றுக்கொண்டிருந்தார்.

செய்தியைப் பக்குவமாகத்தான் எடுத்துக்கொண்டேன். இன்ஸ்டாகிராமில் இருந்த அணிப் படங்கள் நூற்றெழுபத்தாறையும் அழித்தேன். 'விசுவாசம்' என்று ஒரே ஒரு சொல்லைப் போட்டு, பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தேன். அந்தப் புள்ளிக்கு மட்டும் இருபது நிமிடம் யோசித்தேன்.

அம்மா உடனே கூப்பிட்டாள்.

"பாதிப் படத்துல நான் இருந்தேன்டா. நான் உனக்கு என்ன பண்ணேன்?"

ஆனால் கதை இன்னும் முடியவில்லை. "இன்னைக்குப் பயிற்சியில உன்னைப் பாத்துட்டுத்தான் ஞாயித்துக்கிழமை யாருன்னு எழுதுவேன்" என்று கோச் சொல்லியிருந்தார். கோட்டுக்கு வெளியே கையில் தாளோடு நின்றார். பேனா மூடியபடி இருந்தது.

அந்தப் பேனா திறப்பதற்குள் நான் யாரென்று காட்டியாக வேண்டும்.

முதல் பந்து. பதினாலாம் எண்காரன் எப்படி எறிவான் என்று ஓர் அட்டையில் வரைந்து காட்டினார்கள். இடது பக்கம், குட்டையாக. நீச்சல்குளம் விற்கிறவர்கள் எறியக்கூடிய பந்து.

நான் அறுபது கெஜத்துக்கு எறிந்தேன். மிக அழகான பந்து. போய்ச் சேர்ந்த இடம் மட்டும் தடுப்பாட்டக்காரன் பூக்கரின் கை.

"ரெண்டாவது ராசா! நேரா நெஞ்சுக்கே வந்துச்சுப்பா. இன்னொண்ணு போடு!" என்று அங்கிருந்தே கத்தினான்.

நான் நிதானமாக ஹெல்மெட்டைக் கழற்றி விட்டெறிந்தேன். அது துள்ளிப் போய்த் தண்ணீர் டிரம்மில் மோதியது.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எதிரே நின்ற பதினோரு பேரும் என் வலது கைப் பக்கமாக இரண்டடி நகர்ந்தார்கள். குரூப் போட்டோவில் இன்னொரு ஆளுக்கு இடம் விடுகிற மாதிரி.

ஹெல்மெட்டை எடுத்து வந்தேன். இரண்டாவது பந்தை வலது பக்கம் எறிந்தேன். பூக்கர் அங்கே நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு அன்று நல்ல நேரம்.

மறுபடி டிரம். மறுபடி இரண்டடி. மூன்றாவது பந்தைப் பிடிக்க பூக்கர் ஓடக்கூட இல்லை.

மூன்றாவது தடவை நான் போனபோது ஹெல்மெட் ஆரினின் கையில் இருந்தது. ஆரின் எங்கள் மூன்றாம் ஆள். போன மாதம் எங்களைத் தோற்கடித்த அணியில் இருந்தவர். அவர்கள் கழற்றிவிட, நேற்றுத்தான் இங்கே வந்து சேர்ந்திருந்தார்.

"தம்பி, போன மாசம் நான்தான் நீ" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"உங்களோட ஆட்டத்துக்கு முந்தி அங்க எனக்கு ஒம்பதாம் நம்பர் சட்டை மாட்டிவிட்டாங்க. நடிக்கறதுக்கு உன்னை மாதிரி சுலபமான ஆளே கிடையாது. ஒண்ணே ஒண்ணுதான் சொல்லிக் குடுத்தாங்க. பந்து பறிபோச்சா, ஓரமா வந்து ஹெல்மெட்டை எறியணும். அதுக்கப்புறம் எறியற பந்து வலது பக்கம்."

அந்த ஆட்டத்தில் நான் நான்கு பந்துகளைப் பறிகொடுத்தேன். காற்றுதான் காரணம் என்று நிருபர்களிடம் சொன்னேன். கூரை போட்ட அரங்கம்.

"நம்ம பசங்களுக்கு இதை யார் சொன்னது? நீங்களா?"

"இவங்களுக்கு எதுக்குச் சொல்லணும்? ரெண்டு வருஷமா உன்கூடத்தானே குப்பை கொட்டறாங்க?"

சொல்லிவிட்டு ஹெல்மெட்டை என் கையில் வைத்தார்.

அவருக்கு நன்றி சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். தன்னைப் பற்றி இப்படியோர் உண்மை இருபத்து நான்கு வயதிலேயே தெரியவருவது எத்தனை பேருக்கு வாய்க்கும்? மூச்சை ஆழமாக இழுத்து விட்டேன். அடுத்த பந்து இடது பக்கம். குட்டையாக. அட்டையில் இருக்கிறபடி. இவ்வளவுதான் விஷயம். என் இடம் எங்கேயும் போய்விடவில்லை.

வாழ்க்கையில் அவ்வளவு அமைதியாக நான் இருந்ததே இல்லை.

மைதானத்தைப் பார்த்தேன். பதினோரு பேரும் என் வலது கைப் பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தார்கள்.

கோச் பேனாவைத் திறந்தார்.

அப்போதுதான் கவனித்தேன். ஹெல்மெட் என் கையில் இல்லை.