ஒகோரோ ஆடிய நாளின் இலைகள்

கால்பந்து மைதானத்து வாசலில் கலைஞர் ஷெரின் வளர்த்த பூவரச மரம் நின்றது. அதன் இலைகளைக் காதோடு சேர்த்தால், ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் ஆட்டத்தின் கூச்சல் கேட்கும். நைஜீரிய வீரர் ஒகோரோவைக் கூட்டம் நிறத்தைச் சொல்லி ஏசிய ஆட்டம் அது.

மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுபவள் எஸ்தர்ராணி. அவள் அப்பா, சாகும்வரை அந்த ஆட்டத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசியவர். அவர் குரல் கிடைக்குமா என்று அவள் இலை இலையாகத் தேடினாள். நான்காம் நாள் கிடைத்தது.

“டேய் கரிக்கட்டை, காட்டுக்குப் போடா!”

கத்திவிட்டு அப்பா சிரித்தார். எஸ்தர்ராணி சட்டென்று காதை இலையிலிருந்து விலக்கினாள்.

“அந்த இலையக் கிள்ளிடட்டுமாக்கா?” என்றாள் கூடவே கேட்டிருந்த ஷெரின்.

“வேணாம்மா.”

மரத்தின் திறப்பு விழாவுக்கு ஒகோரோவின் மகள் அடா வந்தாள்; இதே ஊரில் பிறந்து வளர்ந்தவள். எஸ்தர்ராணி தானே போய் அவளை அந்த இலையருகே அழைத்து வந்தாள்.

“இது எங்கப்பா குரல்மா. யாரோ எவரோன்னு நீ நெனச்சிடக் கூடாது.”

அடா கேட்டாள். முடிந்ததும் இலையை விட்டாள்.

“கடைசி நிமிஷத்துல எங்கப்பா கோல் போட்டாரே, அப்ப உங்கப்பா என்ன சொன்னாரு?”

“தெரியலம்மா. இதுக்கு மேல கேக்க எனக்குத் தைரியம் வரல.”

அடா எட்டி அடுத்த கிளையை வளைத்தாள்.

“வாங்கக்கா, சேந்து கேப்போம்.”