ஸிப்பலூமா டாட் காம்

புதுக் கம்பெனிகளுக்குப் பெயர் வைப்பதே ஹோரியாவின் தொழில். சொந்தமாகப் பெயர் யோசித்துக்கொண்டு வருகிறவர்களைக் கண்டாலே அவனுக்கு இளக்காரம்.

"நாயை வாக்கிங் கூட்டிட்டுப் போற ஆப்புக்கு 'ஸிப்பலூமா'வா? பேதி மருந்து மாதிரி இருக்கும்மா. சுத்தக் குப்பை! இந்த க்ளூஜ் ஊர்ல ஒரு நாய்கூடத் திரும்பிப் பாக்காது" என்றான், கொவ்ரிக் ரொட்டியை மென்றபடி.

"எனக்கு அந்தப் பேர்தான் சார் வேணும்" என்று விழித்தாள் வியோரிகா. "வெப்சைட்டுக்கு டொமைன்லாம் எப்படி வாங்கறதுன்னே எனக்குத் தெரியாது."

ஹோரியாவின் விரல்கள் அதற்குள் லேப்டாப்பில் ஓடிக்கொண்டிருந்தன. யாரோ அந்த டொமைன் பெயரை விற்பனைக்கு வைத்திருந்தார்கள். யானை விலைதான். ஆனாலும் அவள் எதிரிலேயே சத்தமில்லாமல் வாங்கிப் போட்டான். இந்த அசட்டிடம் இரண்டு மடங்காகக் கறந்துவிடலாம். இப்படி எத்தனை பேரைப் பார்த்தவன்!

மறுநாள் அவனே கூப்பிட்டான்.

"உங்க அதிர்ஷ்டம்மா, ஸிப்பலூமா இப்ப என் கைவசம் இருக்கு. விலைதான் கொஞ்சம்..."

"ஐயோ, வேண்டாம் சார். நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி. வருஷக்கணக்கா அதை விலைக்குப் போட்டு வச்சிருந்தேன், ஒரு நாய்கூடத் திரும்பிப் பாக்கல. நேத்து நீங்கதான் பாத்தீங்க."