தண்ணீரில் மிதக்கும் சனி

"பொண்ணுக்கு ஏழரைச் சனி. அந்தப் பாரத்தை மாப்பிள்ளை வூடு தாங்காதுங்க. இந்தச் சம்பந்தம் வேண்டாம்."

பொருத்தம் பார்க்க இரண்டு வீட்டாரும் சேர்ந்தே தருமபுரிக்கு வந்திருந்தார்கள். ஜோசியர் சொன்னதைக் கேட்டு மணப்பெண் கோகிலாவின் முகம் சுண்டிப்போனது. பக்கத்தில் செல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சயின்ஸ் டீச்சர் சுமலதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எந்தப் பாரமுங்க? சனி வெறும் வாயு உருண்டை. தண்ணியவிட அடர்த்தி கம்மி. எறக்கி வைக்க ஒரு தொட்டி இருந்தா மெதக்குமுங்க. மெதக்கறது இந்தப் புள்ளைய எப்படி அமுக்கும்?"

"மாப்பிள்ளைக்குச் சுக்கிர திசைம்மா. அதைக் கெடுத்துக்கணுமா?"

"சுக்கிரனா? அங்க காத்து நம்ம பூமியப் போலத் தொண்ணூறு மடங்கு அழுத்துது. மேகமெல்லாம் ஆசிட். ஈயத்தை வெச்சா உருகி ஓடும். அது யோகம், மெதக்கறது தோசமா? எல்லாக் கெரகத்துலயும் அடர்த்தி கூடுனது நம்ம பூமிதானுங்க. பாரமெல்லாம் இங்க இருக்கறவங்க பேச்சுலதான்!"

ஜோசியர் கண்ணாடியைக் கழற்றினார். "பொண்ணப் பெத்தவங்களுக்கு இத்தனை கோவம் ஆகாதும்மா. மாப்பிள்ளை வூட்டுக்காரங்க எந்திரிச்சுப் போயிட்டா என்ன பண்ணுவீங்க?"

"போக மாட்டாங்க."

"அதை நீங்க எப்படிச் சொல்றீங்க?"

"பொண்ணப் பெத்தவங்க இவங்க" என்று செல்லியின் கையைப் பிடித்தாள் சுமலதா. "நான் மாப்பிள்ளையப் பெத்தவ. அழுவாதீங்க சம்பந்தி, வர்ற சனிக்கிழமையே நிச்சயத்த வெச்சுக்கலாம்!"